கொருக்குப்பேட்டை மாடி வீட்டுக் கரண்ட் பில்: எதைக் குறைப்பது?

நீங்கள் கேட்டது இதுதான். வடசென்னை கொருக்குப்பேட்டையில் மேல்மாடி வீடு, வாடகைக்கு இருக்கிறீர்கள், வீட்டில் ஐந்து பேர். போன கோடையில் ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி வாங்கிப் போட்டீர்கள். ராத்திரி ஐந்து மணி நேரம் ஓடுகிறது. இரண்டு மாதத்துக்கு 560 யூனிட் ஆகி, பில் இரண்டாயிரத்து ஐந்நூறைத் தாண்டிவிட்டது. மாமியாருக்கு மூச்சிரைப்பு இருப்பதால் ஏசியை நிறுத்த முடியாது. எதைக் குறைப்பது, அப்படியே குறைத்தாலும் அனல்மின் நிலையங்கள் இருக்கிற எண்ணூர்ப் பக்கத்துக் காற்றுக்கும் தண்ணீருக்கும் அதனால் ஏதாவது ஆகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, ராயபுரம் என்று இந்தப் பக்கத்து வீடுகளில்தான் இருபத்தாறு வருடமாக வயரிங் வேலை பார்க்கிறேன். அந்த அனுபவத்தில் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஏசியை நிறுத்த வேண்டாம். மாமியாரைப் புழுக்கத்தில் படுக்கவைத்து மிச்சம் பிடிக்க வேண்டிய நிலையில் உங்கள் வீடு இல்லை. உங்களுக்குத் தேவை 60 யூனிட்தான். அது வேறு இடங்களில் ஒளிந்திருக்கிறது.

ஏன் 60 என்கிறேன் என்றால், நம் ஊரில் கரண்ட் கட்டணம் படிக்கட்டு மாதிரி. அதில் 500வது யூனிட் பெரிய படி. 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் நின்றால் முதல் 100 இலவசம், அடுத்த 100க்கு யூனிட் 2.25 ரூபாய், அடுத்த 200க்கு 4.50, கடைசி 100க்கு 6 ரூபாய். மொத்தம் 1,725 ரூபாய். அதுவே 510 ஆனால், கூடின பத்து யூனிட்டுக்கு மட்டும் எட்டு எட்டு ரூபாய் போடுவதோடு நிற்பதில்லை. 101 முதல் 200 வரைக்கும் கிடைத்த 2.25 சலுகை போய், அந்த நூறுக்கும் 4.50 கணக்காகிறது. ஆக மொத்தம் 2,030. பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்! உங்கள் 560க்கு 2,430 வருகிறது. 2024 ஜூலையில் எல்லாப் படியும் ஐந்து சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஏறியதால்தான் நீங்கள் இரண்டாயிரத்து ஐந்நூறைத் தாண்டினீர்கள். படிக்கட்டின் அமைப்பு மட்டும் அப்படியே இருந்தது. இப்போதைய ரேட் உங்கள் ரசீதிலேயே படிப்படியாகப் போட்டிருக்கும், அதை வைத்து ஒருமுறை நீங்களே போட்டுப் பாருங்கள்.

அதனால் ரீடிங் எடுத்த தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள். அதிலிருந்து முப்பதாவது நாள் மீட்டரைப் பாருங்கள். 250ஐத் தாண்டியிருந்தால் அடுத்த மாதம் கொஞ்சம் பிடித்து ஓட்ட வேண்டும் என்று அர்த்தம். பில் வந்த பிறகு பார்த்தால் கையைப் பிசைவதைத் தவிர வேறு வழியில்லை.

சரி, அந்த 60 எங்கே இருக்கிறது? காசு செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்கலாம். உங்கள் மீட்டரில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னும். மீட்டர் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை தடவை மின்னும் என்று அச்சடித்திருப்பார்கள், 3200 என்றோ 1600 என்றோ இருக்கும். இன்று ராத்திரி எல்லோரும் படுக்கும் முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். மெயினை அணைக்காமல், வீட்டில் உள்ள எல்லாச் சுவிட்சையும் அணைத்து, ஃப்ரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கிவிட்டு மீட்டர் முன்னால் போய் நில்லுங்கள். ஒன்றுமே ஓடாதபோது விளக்கு மின்னவே கூடாது. 3200 போட்ட மீட்டரில் நிமிடத்துக்கு நாலு தடவை மின்னினால் 75 வாட் எங்கேயோ ஓடுகிறது. அதாவது ஒரு பழைய சீலிங் ஃபேன் இருபத்துநாலு மணி நேரமும் சுற்றுகிற கணக்கு. இரண்டு மாதத்தில் அது 108 யூனிட்.

தண்டையார்பேட்டையில் ஒரு வாடகை வீட்டில் இப்படித்தான் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு நின்றோம். விளக்கு ஒழுங்காக மின்னிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு ஃபியூஸாகக் கழற்றினேன். மூன்றாவதைக் கழற்றியதும் மாடிப்படி விளக்கு அணைந்தது, மீட்டரும் நின்றது. கீழே போய்ப் பார்த்தால் நாலு குடித்தனத்துக்கும் பொதுவான சம்ப் மோட்டாரும் அதே லைனில்தான் இருந்தது. வீடு கட்டினபோது எவரோ கைக்கு எட்டிய லைனில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். வேண்டுமென்று செய்ததில்லை. ஹவுஸ் ஓனரைக் கூப்பிட்டுக் காட்டியதும் அவரே மாற்றித்தரச் சொன்னார். அதுவரை மூன்று வருடம் அந்த அம்மா ஊருக்கே தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தார். நீங்களும் வாடகை வீடு என்பதால் இதை முதலில் பாருங்கள்.

லீக்கேஜ் இருந்தாலும் சில மீட்டர்கள் இப்படித்தான் காட்டும். பாத்ரூம் சுவர் மழைக்காலத்தில் ஊறி, உள்ளே பைப்பில் ஓடும் பழைய வயரின் தோல் போயிருக்கும். குழாயைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது என்று வீட்டில் எவராவது சொல்லியிருந்தால் பில்லைப் பற்றி யோசிக்காதீர்கள், அன்றைக்கே ஆளை அழைத்துப் பாருங்கள். அது உயிர் விஷயம்.

அப்புறம் செட்டாப் பாக்ஸ். ரிமோட்டில் அணைத்தால் டிவிதான் தூங்குகிறது, பாக்ஸ் தூங்குவதில்லை. தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். பத்து வாட் என்று வைத்தாலும் இரண்டு மாதத்துக்கு 14 யூனிட். சுவர்ச் சுவிட்சில் அணைக்கும் பழக்கம் ஒன்றே போதும்.

இப்போது பெரிய விஷயத்துக்கு வருகிறேன். ஏசி வந்த பிறகு எல்லோர் கண்ணும் ஏசி மேலேயே இருக்கிறது, தலைக்கு மேல் சுற்றுவதை எவரும் பார்ப்பதில்லை. ஐந்து பேர் உள்ள வீட்டில் ஹால் ஃபேன் நிற்கிற நேரமே இருக்காது. பழைய சீலிங் ஃபேன் முழு வேகத்தில் 75 வாட் இழுக்கும். நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 54 யூனிட். மூன்று ஃபேன் என்றால் 162. பிஎல்டிசி என்று கடையில் விற்கிற, கரண்ட் கம்மியாக இழுக்கும் புது வகை மோட்டார் ஃபேன் அதே காற்றை 30 வாட்டில் தரும், அதாவது 54க்குப் பதில் 22 யூனிட்டுக்குள். ஹாலிலும் படுக்கையறையிலும் இரண்டை மட்டும் மாற்றினாலே ஏறக்குறைய 65 யூனிட் குறையும். உங்கள் 560, 500க்குள் வந்துவிடும். ஒரு ஃபேன் மூவாயிரம் ரூபாய் வாக்கில் ஆகும். இரண்டையும் சேர்த்து வாங்க முடியாவிட்டால் முதலில் ஹாலுக்குப் போடுங்கள், அதுதான் அதிக நேரம் ஓடுவது. வாடகை வீடு ஆச்சே என்று தயங்க வேண்டாம், காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகிற பொருள்தானே. பழைய ஃபேனைப் பரணில் போட்டுவையுங்கள், போகும்போது திரும்ப மாட்டிவிடலாம்.

மாட்டும்போது ஒரு விஷயம் கவனியுங்கள். பிஎல்டிசி ஃபேனுக்குச் சுவரில் உள்ள ரெகுலேட்டர் கூடாது. அதைக் கழற்றி நேராக இணைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஃபேனின் உள்ளே இருக்கும் போர்டு சீக்கிரம் போய்விடும். இதைச் செய்யாமல் மாட்டிவிட்டு ஃபேன் மட்டம் என்று திட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மாற்றாத மூன்றாவது ஃபேன் மெதுவாகச் சுற்றினால் வோல்டேஜ் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் கண்டென்சர் பலவீனமாகியிருக்கும். நூறு ரூபாய்க்குள் முடிகிற வேலை. இறக்கையில் உள்ள அழுக்கையும் துடையுங்கள். கடல் பக்கம் என்பதால் தூசி உப்போடு சேர்ந்து பசை மாதிரி ஒட்டியிருக்கும், உலர்ந்த துணிக்கு வராது, ஈரத்துணி வேண்டும்.

ஏசிக்கு வருவோம். 2020 ஜனவரியிலிருந்து நட்சத்திரக் குறியீடு உள்ள ஏசிகள் போட்டவுடன் 24 டிகிரியில் நிற்கும்படிதான் வர வேண்டும் என்று விதி. அதை 26க்கு ஏற்றி, ஃபேனைச் சின்ன வேகத்தில் ஓடவிடுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் சொல்கிற கணக்கு. உங்களுக்கு இரண்டு மாதத்தில் இருபது, இருபத்தைந்து யூனிட் குறையும். மாமியாருக்கு அது சில்லென்று அறையாமல் இதமாகவும் இருக்கும். ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கழற்றிக் குழாயில் காட்டுங்கள். இது பில்லுக்கு மட்டுமல்ல, மூச்சிரைப்பு உள்ளவர் படுக்கிற அறை என்பதால் கட்டாயம் செய்ய வேண்டியது.

நம் பக்கத்துக்கென்று ஒரு தனித் தொல்லை உண்டு. அவுட்டோர் யூனிட்டின் பின்புறத் தகடுகளைப் பாருங்கள். உப்புக் காற்றில் வெள்ளையாகப் பூத்து, விரலால் தொட்டால் உதிரும். காசிமேட்டில் கடலைப் பார்த்த வீடு ஒன்றில் மூன்றே வருடத்தில் அப்படி ஆகியிருந்தது. தகடு போனால் வெப்பம் வெளியேறாது, கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும், ரீடிங் ஏறும். மாதம் ஒரு தடவை ஏசியை அணைத்துவிட்டு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி உப்பைக் கழுவுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதை ஊற்றாதீர்கள். அடுத்த தடவை ஏசி வாங்கும்போது காயில் காப்பர்தானா, உப்புக் காற்றுக்குப் பூச்சு கொடுத்திருக்கிறார்களா என்று கேட்டு வாங்குங்கள்.

ஆனால் உங்கள் ஏசி அறைக் காற்றோடு மட்டும் மல்லுக்கட்டவில்லை. உங்களுக்கு மேலே மொட்டை மாடி. பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட், ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் அந்தச் சூட்டைக் கீழே இறக்கிக்கொண்டிருக்கும். ராத்திரி ஒன்பது மணிக்கு ஸ்டூல் மேல் ஏறிச் சீலிங்கில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், சுடும். தளத்துக்கு வெள்ளையடித்தால் இது நன்றாகவே குறையும். கூலிங் பெயின்ட் என்று கடையில் விற்பது நன்றாகத்தான் இருக்கும், ஆனால் விலை. கையில் காசு கம்மியென்றால் சுண்ணாம்பு போதும். முதலில் தளத்தைக் கூட்டி, பாசியைத் தேய்த்துக் கழுவிக் காயவிடுங்கள். சுண்ணாம்பை முதல்நாளே ஊறவைத்து, வடிகட்டி, ஒட்டுவதற்குப் பசை கலந்து இரண்டு பூச்சு. மார்ச் கடைசியில் அடித்துவிட்டால் அக்னி நட்சத்திரம் முழுக்கத் தாங்கும், மழைக்காலத்தில் கரையும், அடுத்த வருடம் திரும்ப அடிக்க வேண்டும். ஹவுஸ் ஓனரிடம் அனுமதி கேளுங்கள். தளத்துக்கும் நல்லது என்று எடுத்துச் சொன்னால் மறுக்கமாட்டார். சாயங்காலம் தளத்தில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. லாரித் தண்ணீருக்கு வரிசையில் நிற்கிற ஊரில் அதை நான் எவருக்கும் சொல்லமாட்டேன்.

காற்றையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். கோடையில் மதியம் கடல்காற்று திரும்பும் வரை ஜன்னலை மூடித் திரை போட்டுவையுங்கள். காற்று திரும்பிவிட்டது என்பது கொடியில் காயும் துணி மேற்கே பறப்பதிலேயே தெரியும். அப்போது கிழக்கு ஜன்னலையும் எதிர்ப்பக்கக் கதவையும் திறந்துவிட்டால் ராத்திரி ஏசி போடும்போது அறை ஏற்கெனவே பாதி ஆறியிருக்கும்.

மற்றவை சின்னச் சின்ன விஷயங்கள். பழைய சோக் போட்ட ட்யூப் லைட் இன்னும் இருந்தால் மாற்றிவிடுங்கள், சோக்கோடு சேர்த்து 50 வாட்டுக்கு மேல் இழுக்கும், எல்இடி 20தான். ஃப்ரிட்ஜைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், அடுப்புக்குப் பக்கத்திலும் வேண்டாம். கதவு ரப்பருக்கு நடுவே ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், சுலபமாக வந்தால் ரப்பரை மாற்றுங்கள். அயர்ன் பாக்ஸ் தினம் ஒரு சட்டைக்கு என்று போடாமல் வாரத்துக்கு மொத்தமாக வையுங்கள். கிரைண்டரையும் மிக்ஸியையும் நினைத்துக் கவலைப்படாதீர்கள், அவை ஓடுகிற நேரத்துக்கு அது கணக்கிலேயே வராது. வெந்நீருக்குக் கம்பி ஹீட்டர் போடுகிற வீடாக இருந்தால் சென்னையில் மார்கழி, தை தாண்டினால் அது தேவையில்லை.

தண்ணீரைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு குதிரைத்திறன் மோட்டார் மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட். டேங்க் நிரம்பி மாடியிலிருந்து கொட்டுகிற சத்தம் கேட்ட பிறகு ஓடிப்போய் அணைப்பதே பல வீடுகளில் வழக்கம். டேங்கில் ஒரு மிதவை சுவிட்ச் போட்டால் தீர்ந்தது. இன்னொரு பக்கமும் இருக்கிறது. மீஞ்சூருக்குப் பக்கம் காட்டுப்பள்ளியில் 2010 முதல் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் ஓடுகிறது. வடசென்னைக்கு வருகிற தண்ணீரில் அதுவும் உண்டு. உப்பைப் பிரிக்க ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் வரை ஆகும். அந்தக் கரண்ட் நம் மீட்டரில் ஏறாது. ஆனால் எங்கேயோ எரிந்துதான் வருகிறது.

சோலார் பற்றியும் கேட்பார்கள் என்று தெரியும். 2024 பிப்ரவரியில் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். ஒரு கிலோவாட் நம் வெயிலுக்கு நாளைக்குச் சராசரியாக நாலு யூனிட் தரும். சொந்த மொட்டை மாடி உள்ளவர்கள் கண்டிப்பாக யோசிக்க வேண்டும். வாடகை வீட்டில் அது உங்கள் கையில் இல்லை. சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு, பத்து என்று ஓனருக்குக் கொடுக்கிறவர்களுக்கு நான் மேலே சொன்ன 500 கணக்கும் இல்லை, இலவச யூனிட்டும் கைக்கு வருவதில்லை. குடித்தனத்துக்குத் தனி இணைப்பு வாங்கித் தரச் சொல்லிக் கேட்பதுதான் அவர்களுக்கு முதல் வேலை. உங்களுக்குத் தனி மீட்டர் இருக்கிறது, அதுவே பெரிய பலம்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. இதை எங்களிடம் கேட்கிறவர்கள் கம்மி. நீங்கள் கேட்டதில் எனக்கு மிகவும் சந்தோஷம்.

உங்கள் வீட்டு ஃபேனுக்கு வருகிற கரண்ட் இன்ன நிலையத்திலிருந்து வந்தது என்று பிரிக்க முடியாது. முப்பந்தல் காற்றாலையும் அத்திப்பட்டு நிலக்கரியும் ஒரே வலையில் கலந்துதான் வரும். ஆனால் வெயில் இறங்கி சோலார் நின்ற பிறகு, எல்லா வீட்டிலும் ஏசி போடுகிற ராத்திரி நேரத்துத் தேவையை நிலக்கரிதான் பெரும்பங்கு தாங்குகிறது. 1970ல் தொடங்கிய பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017ல் மூடப்பட்டது. ஆனால் அதற்கு வடக்கே அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம் 1,830 மெகாவாட், வல்லூர் 1,500 மெகாவாட் என்று இரண்டும் நின்றன. 2024 மார்ச்சில் 800 மெகாவாட் அலகு ஒன்றும் சேர்ந்தது.

ஒரு யூனிட் எடுக்க ஏறக்குறைய 700 கிராம் நிலக்கரி எரிகிறது. நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ சாம்பல். புகைபோக்கியில் பெரும்பகுதியைப் பிடித்துவிடுகிறார்கள், சரி. பிடித்த சாம்பலை என்ன செய்வது? தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் செப்பாக்கம் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். அந்தக் குழாய்கள் கசிந்து கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் சாம்பல் படிந்தது பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்காகப் போன விஷயம். காட்டுக்குப்பம் மீனவர்கள் கையால் தடவி இறால் பிடித்த ஆற்றுப்படுகை அது. இப்போது கையை விட்டால் சாம்பல் சேறு வருகிறது.

உங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 80 யூனிட் குறைந்தால் சுமார் 56 கிலோ நிலக்கரி எரியாது, இருபது கிலோவுக்கு நெருக்கமாகச் சாம்பல் உண்டாகாது. வருடத்துக்கு என்றால் இரண்டு சிமென்ட் மூட்டை எடைக்கு மேல். குழாயைச் சரிசெய்ய வேண்டியது அவர்கள் பொறுப்பு. அதை உங்கள் சிக்கனம் செய்யாது. அதற்கு ஊர் சேர்ந்து கேட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும். ஆனால் அந்த இரண்டு மூட்டைச் சாம்பல் ஏதோ ஒரு நிலையத்தில் உண்டாகாமல் போவது உண்மை. உங்கள் தெருவில் இருபது வீடு செய்தால் நாற்பது மூட்டை.

முதலில் மீட்டர் விளக்கைப் பார்த்துவிடுங்கள். எல்லாம் அணைத்த பிறகு நிமிடத்துக்கு எத்தனை தடவை மின்னியது, மீட்டரில் 3200ஆ 1600ஆ, ஃபேன்கள் எந்த வருடம் வாங்கியவை, இந்த மூன்றையும் எழுதுங்கள். அதை வைத்து முதலில் எந்த ஃபேனை மாற்றலாம், வயரிங்கைப் பிரித்துப் பார்க்க ஆள் வேண்டுமா என்று சொல்லிவிடுகிறேன்.